ஆலத்தியூர் வானத்தில் பனிப்பூ: பனி பொழியாத ஊரில் குளிர்காலத்தைக் கற்பிப்பது

அரியலூர் மாவட்டத்தில் செந்துறைப் பக்கம் இருக்கிறது ஆலத்தியூர். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் ஒருபுறம். முந்திரி, பருத்தி, மக்காச்சோளம் என்று மானாவாரி நிலம் மறுபுறம். மார்கழி விடியலில் உடம்பு நடுங்கினாலும் வெப்பமானி 20 டிகிரியை ஒட்டியேதான் நிற்கும். தண்ணீர் உறைய அது பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். தரையில் வெண்பனி விழ வழியே இல்லாத இந்த ஊரில் படிக்கும் பிள்ளைக்குப் பனிப்பூ உருவாகும் விதத்தை எதற்குச் சொல்லித்தர வேண்டும்? எப்படிச் சொல்லித்தர வேண்டும்?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. அந்தப் பிள்ளையின் தலைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு அப்பால், மழைமேகம் திரளும்போதெல்லாம் பனிப்படிகங்கள் உருவாகின்றன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இடியோடு கொட்டும் மழையில் கணிசமான பங்கு மேலே பனியாகப் பிறந்து, வரும் வழியில் உருகி, துளியாகத் தரையைத் தொடுகிறது. ஆலத்தியூருக்கு இல்லாதது குளிர்ந்த தரை மட்டும்தான். இரண்டாவது கேள்விக்குத்தான் விரிவான பதில் வேண்டியிருக்கிறது.

இப்போது நடப்பது என்ன? மழலையர் வகுப்புச் சுவரில் நான்கு பருவங்களின் படம் தொங்குகிறது. நான்காவது கட்டத்தில் கேரட் மூக்கு வைத்த பனிமனிதன். பிள்ளை அதைத் தொட்டுக் காட்டி ‘வின்டர்’ என்கிறது. அதே பிள்ளை வாழும் குளிர்காலத்தில் அடைமழை உண்டு, புயலுக்கு விடுமுறை உண்டு, விடியலில் நனைந்து கிடக்கும் வைக்கோல் போர் உண்டு, எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும் தெரியும் மூடுபனி உண்டு. இவற்றில் ஒன்றும் அந்தப் படத்தில் இல்லை. மேல்வகுப்புகளுக்கு வந்தால் மழை, பனி, ஆலங்கட்டி என்று பொழிவின் வகைகள் வரையறைகளாக வருகின்றன. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். நீர்ச்சுழற்சிப் படத்தில் கடலும் ஆவியும் மேகமும் மழையும் அம்புக்குறிகளோடு சரியாக இருக்கும். மேகத்தின் மேல்பாதியில் பனி இருப்பதாக மட்டும் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். பனியை வேற்று நாட்டுப் பொருளாக்கியது இந்த ஒரு விடுபாடுதான் என்று நினைக்கிறேன். அந்தப் படத்தில் 5 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோடு கிழித்து, ‘இதற்கு மேல் பனி’ என்று எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தக் கோட்டைப் பிள்ளைகளே கிழிக்கலாம். மேலே போகப் போக, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வெப்பநிலை குறைகிறது. கார்த்திகை மாத நண்பகலில் பள்ளித் திண்ணையில் 30 டிகிரி என்றால், பூஜ்யத்தைத் தொட எத்தனை கிலோமீட்டர் ஏற வேண்டும்? வகுத்தால் நான்கரைக்குச் சற்று மேல் வரும். உண்மையில் தமிழ்நாட்டுக்கு மேலே உறைநிலை 5 கிலோமீட்டரை ஒட்டி இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு அதற்கு இவ்வளவு நெருக்கமாக வருவதே ஆச்சரியம்தான். பருவமழைக் காலத்து இடிமேகங்களின் உச்சி 12 கிலோமீட்டரையும் தாண்டும். அதாவது மேகத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் உறைநிலைக்கு அப்பால் இருக்கிறது. பரவலாகப் பெய்யும் மழையை டாப்ளர் ரேடார் பார்க்கும்போது, உறைநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு பளிச்சென்ற பட்டை தெரியும். பனிப்படிகங்கள் உருகத் தொடங்கும் அடுக்கு அது. எல்லா மழையும் இப்படி வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெப்பமண்டலத்தில் உறைநிலையைத் தொடாத குட்டை மேகங்களும் மழை தருகின்றன. அவற்றில் துளிகள் மோதி ஒன்றாகியே பெரிதாகின்றன.

கணக்கு போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிள்ளை கேட்கும். கேட்கத்தான் வேண்டும். அதற்கு ஆலத்தியூரிலிருந்து எங்கும் போக வேண்டியதில்லை. நிலா இருந்தால் போதும்.

‘நிலா கோட்டை கட்டியிருக்கு’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்காத கிராமத்துப் பிள்ளை இருக்க முடியாது. எட்டக் கோட்டை கிட்ட மழை, கிட்டக் கோட்டை எட்ட மழை என்பது அதோடு சேர்ந்த பேச்சு. நிலாவை ஒட்டிச் சிறியதாக, லேசான நிறங்களோடு தெரியும் வளையத்தைப் பெரும்பாலும் மேகத்தின் நீர்த்துளிகள் உண்டாக்குகின்றன. தள்ளி, பெரியதாக, துல்லியமாகத் தெரியும் வளையம் வேறு வகை. அது உயரத்தில் மெல்லிய திரையாகப் பரவிய மேகத்தின் பனிப்படிகங்களால் உண்டாவது. அந்தப் படிகங்கள் அறுகோணப் பட்டகங்கள். ஒரு பக்கத்தில் நுழையும் ஒளி, ஒரு பக்கம் விட்டு அடுத்த பக்கத்தின் வழியே வெளியேறும்போது 60 டிகிரி முப்பட்டகத்தைக் கடந்ததாகிறது. குறைந்தது 22 டிகிரி வளைகிறது. அதனால்தான் அந்த வளையம் எப்போது தோன்றினாலும் நிலாவிலிருந்து 22 டிகிரி தள்ளியே தோன்றும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸின் எட்மே மரியோட் கண்ட விளக்கம் இது.

இதை அளக்கக் கருவி வேண்டாம். கையை நேராக நீட்டி, விரல்களை நன்றாக விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாவின்மேல் வைத்தால் சுண்டுவிரல் நுனி வளையத்தை ஏறத்தாழத் தொடும். பிள்ளையின் கை சிறியது, ஆனால் பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் உள்ள தூரமும் சிறியது, விகிதம் மாறுவதில்லை. அறுகோணம் என்ற சொல்லைப் பிள்ளை முதலில் கேட்க வேண்டிய இடம் இது. பனிப்படிகத்துக்கு ஆறு பக்கம் என்பதற்கான சான்று அதன் வீட்டு வாசலுக்கு மேலேயே தொங்குகிறது. ஊர்ப்பேச்சின் கணிப்பிலும் பொருள் இருக்கிறது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நெருங்கும்போது பெரும்பாலும் முதலில் வந்து பரவுவது அந்த உயரப் பனித்திரைதான். அடர்ந்த மேகங்கள் பின்னால் வரும். எட்டக் கோட்டை தெரிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ மழை வர வாய்ப்பு உண்டு. வருகிறதா இல்லையா என்று ஒரு பருவம் முழுக்க நோட்டில் குறித்துவரச் சொன்னால், பழமொழியைச் சோதிப்பது எப்படி என்பதையும் பிள்ளை கற்றுக்கொள்ளும். சூரியனைச் சுற்றியும் இந்த வளையம் வரும். அதைப் பார்க்கும்போது சூரியனைக் கட்டாயம் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது சான்று ஆலங்கட்டி. கோடை மழையில் என்றைக்காவது விழும்போது பிள்ளைகள் ஓடிப் பொறுக்குவார்கள். பொறுக்கியதை வாயில் போடும் முன் பாதியாக வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய கட்டியாக இருந்தால் உள்ளே வெள்ளையும் தெளிவுமாக அடுக்குகள் தெரியும். மேலெழும் காற்று தாங்கிப் பிடித்திருந்த நேரத்தில், உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் நின்ற நீர்த்துளிகள் அதன்மேல் மோதி ஒட்டி உறைந்ததற்கான பதிவு அது.

இந்த ‘உறையாமல் நின்ற நீர்’ என்பதுதான் பாடத்தின் கடினமான இடம். அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடமும் அதுதான். பூஜ்யத்தில் தண்ணீர் உறையும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டோம். ஆனால் மேகத்தின் நுண்துளி பூஜ்யத்துக்குக் கீழே 10, 15 டிகிரியிலும் நீராகவே மிதக்கும். கலப்பில்லாத துளி என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 38 டிகிரி வரைகூடத் தாங்கும். உறைய அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். காற்றில் பறக்கும் களிமண் தூசு, சிலவகைத் தாதுத்தூள், இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா ஆகியவை அந்தப் பிடிமானத்தைத் தருகின்றன. ஒரு துளி உறைந்ததும் பக்கத்துத் துளிகளின் கதை மாறுகிறது. ஒரே குளிரில் நீரின்மேல் இருப்பதைவிடப் பனியின்மேல் நீராவி எளிதாகப் படியும். அதனால் சுற்றியுள்ள துளிகள் ஆவியாகிக் கரைய, அந்த ஆவி பனிக்கட்டியின்மேல் நேரடியாகப் படிந்து படிகம் வளர்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒரு பனிப்பூ வளர ஏறத்தாழ ஒரு லட்சம் மேகத்துளிகள் தங்கள் நீரை விட்டுக்கொடுக்கின்றன.

பனிப்பூ உறைந்த மழைத்துளி என்று பல வகுப்புகளில் சொல்லப்படுவது தவறு என்பது இங்கே தெளிவாகும். மழைத்துளி உறைந்தால் கிடைப்பது கண்ணாடி போன்ற உருண்டை; அதில் இதழ் இருக்காது. இதழ் வருவதற்குக் காரணம் அது ஆவியிலிருந்து, மூலக்கூறு மூலக்கூறாக வளர்வது.

ஏன் ஆறு இதழ்? 1611இல் யோகன்னஸ் கெப்ளர் ஒரு புத்தாண்டுப் பரிசாக எழுதிய சிறு நூல் இந்தக் கேள்வியைப் பற்றியதே. சிறு உருண்டைகளை நெருக்கி அடுக்கினால் அறுகோணம் வருகிறதே என்று அவர் யோசித்தார். முடிவான விடை அவருக்குக் கிடைக்கவில்லை. மூலக்கூறுகள் பனிக்கட்டிக்குள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பது இருபதாம் நூற்றாண்டில் எக்ஸ் கதிர் ஆய்வுகள் வந்தபிறகே தெரிந்தது. அவை அறுகோண வளையங்களாக அமர்கின்றன. படிகம் வளரும்போது அந்த அறுகோணத்தின் மூலைகள் ஈரக் காற்றுக்குள் துருத்திக்கொண்டு நிற்பதால் ஆவியை முதலில் பிடிக்கின்றன. பிடித்ததால் மேலும் துருத்துகின்றன. ஆறு மூலை, ஆறு கை.

இதைக் காட்ட மார்கழியைவிட நல்ல மாதம் கிடையாது. வாசலில் கோலம் இருக்கிறது. நேர்ப்புள்ளி வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகில் நான்கு புள்ளிகள். ஊடுபுள்ளி வைத்தால் ஆறு. 7 புள்ளியில் தொடங்கி இருபுறமும் 4 வரை ஊடுபுள்ளி வைத்தால் புள்ளிகளின் எல்லையே அறுகோணமாகிவிடும். அதன் நடுப்புள்ளியை அழித்தால் சுற்றியுள்ள ஆறு புள்ளிகள் ஒரு வளையமாக நிற்கும். அதேபோல, அந்த வளையம் குலையாமல், ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு புள்ளி விட்டு ஒரு புள்ளியாக அழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது, பனிக்கட்டியின் மூலக்கூறு அடுக்கை மேலிருந்து பார்த்த தோற்றம். அக்காவோ அம்மாவோ தினமும் செய்யும் வேலைக்குள் படிகவியலின் முதல் பாடம் இருக்கிறது. காகிதத்தில் பனிப்பூ வெட்டும் வகுப்புகளில் காகிதத்தை நான்காகவும் எட்டாகவும் மடித்து எட்டு இதழ் வெட்டிவிடுகிறார்கள். இயற்கையில் எட்டு இதழ்ப் பனிப்பூ இல்லை. ஊடுபுள்ளி வைத்த பிள்ளை அந்தத் தவறைத் தானே கண்டுபிடிக்கும்.

பனிப்பூவின் படம் என்று நாம் காண்பவற்றின் தொடக்கம் வில்சன் பென்ட்லி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரின் விவசாயி. 1885 ஜனவரியில் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து முதல் பனிப்படிகத்தைப் படம் எடுத்தார். வாழ்நாளில் 5,000க்கு மேல் எடுத்தார். 1931இல் அவர் புத்தகம் வெளிவந்தது, அதே ஆண்டு இறந்தார். ஆனால் அவர் அழகாக, முழுமையாக இருந்தவற்றைத் தேடி எடுத்தவர். உண்மையில் விழும் பனியில் பெரும்பகுதி உடைந்தும் ஒட்டியும் கோணலாகவும் இருக்கும். பென்ட்லியின் படங்களை மட்டும் காட்டும் ஆசிரியர் இதைச் சொல்லாவிட்டால், இயற்கை கவராயம் வைத்து வேலை செய்கிறது என்று பிள்ளை நம்பிவிடும்.

என் பார்வையில் பென்ட்லியைவிட ஆலத்தியூருக்கு நெருக்கமானவர் ஜப்பானின் உகிச்சிரோ நகாயா. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் குளிர் ஆய்வுக்கூடத்தில், 1936 மார்ச்சில், முயல் முடியின் நுனியில் செயற்கையாக ஒரு பனிப்படிகத்தை வளர்த்துக்காட்டினார். எந்தக் குளிரில், எவ்வளவு ஈரத்தில் என்ன வடிவம் வரும் என்று வரைபடம் போட்டார். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே 2 டிகிரியில் தட்டையான தகடு. 5 டிகிரி அளவில் ஊசியும் தூணும். 15 டிகிரி அளவில் கிளை விரித்த நட்சத்திரம். ஆகவே ஒரு படிகத்தைப் பார்த்தால் அது கடந்துவந்த காற்றின் குளிரையும் ஈரத்தையும் ஊகிக்கலாம். ஒரே படிகத்தின் ஆறு கைகளும் ஒன்றாகப் பயணித்ததால் ஏறக்குறைய ஒன்றுபோல் வளர்கின்றன. வேறு வழியில் வந்த படிகம் வேறு வடிவம் பெறுகிறது. பனி பொழிந்தால்தான் பனியைப் படிக்க முடியும் என்ற எண்ணத்தை உடைத்தவர் நகாயா.

அவரைப் பின்பற்ற நமக்குக் குளிர் ஆய்வுக்கூடம் தேவையில்லை. மாலையில் மணி அடித்து வரும் குல்பிக்காரரிடம் கேட்டால் சொல்வார்: ஐஸில் உப்பைக் கொட்டினால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மீன் கடையில் கிடைக்கும் ஐஸை உடைத்து எவர்சில்வர் டம்ளரில் போட்டு, மூன்றுக்கு ஒரு பங்கு கல் உப்பைக் கலக்க வேண்டும். டம்ளரின் வெளிப்புறத்தில் முதலில் தண்ணீர்தான் கோக்கும். டம்ளர் நன்றாகக் குளிர்ந்தபின் அதை ஒருமுறை துணியால் துடைத்துவிட வேண்டும்; இந்தத் துடைப்பை மறந்தால் சோதனை சொதப்பிவிடும். அதன்பின் வெள்ளைத் தூவியாகப் படிவது, காற்றின் ஆவி நீராகாமல் நேரே பனியானது. செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் கூர்முனைகள் தெரியும். ஈரக் கையால் தொடக் கூடாது, ஒட்டிக்கொள்ளும். பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் படிவதும் இதே உறவுதான். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனைகளைக் கொண்டுசெல்லும் திட்டம். அதற்குப் பொருத்தமான, செலவில்லாத சோதனை இது.

இனி தரைக்கு வருவோம். ஆலத்தியூரின் குளிர்காலம் மேலே இருப்பதைவிடக் கீழே இன்னும் வளமானது. பாடங்களில் அதற்கு இடம் மிகக் குறைவு என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

‘பனி இறங்குது, தலையில துண்டைப் போடு’ என்கிறோம். பனித்துளி மேலிருந்து இறங்குகிறது என்றே எல்லோரும் நம்புகிறோம். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர் 1814இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைத் திருத்தியது. சம எடையுள்ள கம்பளிப் பொதிகளைப் பலகையின் மேலும் அடியிலும் இரவு முழுக்க வைத்து, விடியலில் எடை போட்டார். தெளிந்த வானத்தை நேரே பார்த்த பொதிகள் அதிக நீரைச் சேர்த்திருந்தன. இரவில் தரையும் இலையும் கூரையும் தங்கள் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. அவற்றை ஒட்டிய காற்றின் ஆவி அங்கேயே நீராகிறது. மேகம் மூடினால் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், பனி குறையும்.

பருத்தி விளையும் மண்ணில் கம்பளி தேட வேண்டாம். சம எடைப் பஞ்சை நான்காகப் பிரித்து, ஒன்றைத் திறந்தவெளிப் பலகையின்மேல், ஒன்றை அதன் அடியில், ஒன்றை வேப்பமரத்தடியில், ஒன்றைத் திண்ணையில் வைத்து, விடியலில் நகைக்கடைத் தராசு மாதிரியான சிறு மின்தராசில் நிறுத்தால் போதும். வெளியில் நிறுத்திய பைக்கின் சீட் நனைந்திருக்க, மரத்தடியில் நிறுத்தியது காய்ந்திருப்பது ஏன் என்பதற்குப் பிள்ளையே விடை சொல்லும்.

இந்தப் பாடம் வீட்டுப் பொருளாதாரத்தையும் தொடுகிறது. சம்பா நெல்லில் குலைநோய்ப் பூசணம் தொற்ற, இலை நெடுநேரம் ஈரமாக இருக்க வேண்டும். குளிர்ந்த, பனி படிந்த இரவுகள் அதற்கு வசதி. முந்திரி பூக்கும் பருவமும் இதுவே. பனி மிகுந்தால் பூ கருகுவதாக விவசாயிகள் கவலைப்படுவார்கள். இலையில் பனி எத்தனை மணிக்குக் காய்ந்தது என்று பிள்ளைகள் தினமும் எழுதிவைத்தால், அந்த நோட்டை வேளாண் அலுவலரும் ஆர்வமாகப் புரட்டுவார்.

தமிழ் ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டு பனிக்காலங்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. முன்னிரவிலேயே பனி படிவது ஒன்று, பின்னிரவில் படிவது மற்றொன்று என்ற விளக்கத்தை இன்றைக்கும் சோதிக்கலாம். பருவமழை முடிந்த கையோடு மண்ணில் ஈரம் இருக்கும், இரவும் நீளம். பனி சீக்கிரமே படியும். மாசிக்குப் பின் காற்று காய்ந்து, இரவு சுருங்க, விடியலை ஒட்டித்தான் படியும். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்ற பழமொழியையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். மேகமற்ற மாசி இரவில் கூரை விடாமல் வெப்பத்தை இழந்து, குளிர் மேலிருந்து வருவதாகத் தோன்றுவது இயல்பே.

தரை இப்படிக் குளிர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு விடை உதகையில் இருக்கிறது. தலைக்குந்தா, காந்தல் பகுதிகளில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் படங்கள் ஆண்டுதோறும் பத்திரிகைகளில் வருகின்றன. அது உறைபனி, புல்லின்மேலேயே பிறந்தது, வானத்திலிருந்து விழுந்ததன்று. உதகை 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். அவ்வளவு உயரத்திலும் வெண்பனி ஏன் பொழிவதில்லை என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இதுவரை கற்றதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் சோதனைக்கு வரும். அங்கே பூஜ்யம் வரை குளிர்வது மேகமில்லாத இரவுகளில். மேகம் திரண்டு ஈரம் நிறைந்த நாட்களில் அந்தக் குளிர் வருவதில்லை. பொழிய மேகமும் வேண்டும், தரைவரை குளிரும் வேண்டும். காஷ்மீரத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் மேகத்தைக் கொண்டுவர, குளிர்ந்த மலை காத்திருக்கிறது, இரண்டும் சேர்கின்றன.

குளிர்காலம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு, பூமி சூரியனை விட்டு விலகுவதால் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் சொல்வார்கள். ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலையில் 15.2 கோடி. காரணம் அச்சின் சாய்வு, 23.5 டிகிரி. இதற்குச் சான்று ஒரு மீட்டர்க் குச்சி. டிசம்பர் 22 நண்பகலில் ஆலத்தியூரில் அதன் நிழல் வடக்கே ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் விழும். ஜூன் 21இல் தெற்கே 20 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக விழும். இடையில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நிழலே இல்லாத நாள் வரும். பகல் நீளத்தில் டிசம்பருக்கும் ஜூனுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அதனால்தான் நம் குளிர்காலம் மென்மையானது.

மென்மையானது, ஆனால் சாதுவானதல்ல. வடக்கே ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்து, அங்கே காற்றழுத்தம் உயர்ந்து, காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை ஏற்றிக்கொள்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கிடைக்கிறது. 2011 டிசம்பர் 30 விடியலில் கடலூர்க் கரையேறிய தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியைச் சாய்த்தது மார்கழி மாதத்தில். நம் பிள்ளையின் குளிர்காலப் படத்தில் வரவேண்டியது அந்தக் காற்று.

இவை அனைத்தும் அரியலூரில் சந்திக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் பாடங்களில் சேர்க்கவே மாட்டேன் என்கிறார்கள். ஹென்றி பிளான்ஃபோர்ட் 1855இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு வந்த இளைஞர். திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடுப் பகுதிகளின் கிரெட்டேசியப் பாறைகளை ஆராய்ந்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அந்தப் பாறைத் தொகுதிகள் நிலவியல் உலகில் பெயர் பெற்றது அதனால்தான். 1870களில் இந்தியப் பள்ளிகளுக்காக இயற்கைப் புவியியல் பாடநூல் எழுதினார். 1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவரானார். 1884இல், இமயத்தில் பனி அதிகமாக விழுந்தால் அடுத்து வரும் பருவமழை குறையலாம் என்ற ஆய்வை வெளியிட்டார்; 1886இல் அதன் அடிப்படையில் நாட்டின் முதல் பருவமழை முன்கணிப்பு வந்தது. பின்னாளில் அந்த உறவு அவர் நினைத்த அளவு உறுதியானதல்ல என்று தெரிந்தது. பசிபிக் கடலின் பங்கு பெரிது என்று கண்டார்கள். ஆனாலும் மலைப்பனியின் கணக்கு இன்றும் வானிலை ஆய்வில் இருக்கிறது.

அவர் ஆராய்ந்த பாறைகளே பனியைப் பற்றிய பாடம்தான். ஆலத்தியூரைச் சுற்றி வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்தது. அம்மோனைட் ஓடுகளை வாரணவாசி அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் பார்க்கலாம். அந்தக் கடல் இங்கே நின்ற காலத்தில் உலகம் இன்றைவிட மிகச் சூடானது. துருவங்களில் இன்றுள்ள பெரும் பனிப்பாளங்கள் இல்லை. அந்த நீரும் கடலில்தான் இருந்தது. கடலடி நிலத்தின் அமைப்பும் சேர்ந்து கடல்மட்டத்தை உயர்த்தியது. பனி எங்கே சேர்கிறது, எங்கே உருகுகிறது என்பது செந்துறைக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று இதன்பிறகு யாரும் சொல்ல முடியாது.

பாடச்சுமையைக் காட்டி மறுக்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் சிரமம் உண்மையானது. நான் கேட்பது கூடுதல் பாடமன்று. நீர்ச்சுழற்சி, பருவங்கள், வெப்பம், சமச்சீர் என்று ஏற்கெனவே உள்ளவற்றை மாதத்தோடு பொருத்தி நடத்துவதைத்தான் கேட்கிறேன். ஐப்பசியில் நிலாக் கோட்டை, மார்கழியில் கோலமும் நிழல்குச்சியும், தையில் பஞ்சு எடை, கோடையில் ஆலங்கட்டி விழுந்தால் அது. சிறு வகுப்பில் பார்த்தல் போதும், ஆறாம் வகுப்புக்கு மேல் அளத்தல், ஒன்பதில் விளக்கம்.

இன்னொன்றும் செய்யலாம். டொரன்டோவின் ஸ்கார்பரோப் பகுதியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கனடாவில் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். அங்கே தெருவெல்லாம் பனி கிடக்கும் மாதமும் அதுவே. அங்குள்ள வகுப்பு ஒரு டப்பாவில் 10 சென்டிமீட்டர் பனியை அள்ளி, உருக்கி, எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் ஆயிற்று என்று எழுதட்டும். பெரும்பாலும் ஒன்றை ஒட்டி வரும். ஒரு கறுப்புத் துணியை வெளியே நீட்டிப் பனிப்பூவைப் பிடித்து, லென்ஸ் வழியே படமெடுத்து, அன்றைய வெப்பநிலையோடு அனுப்பட்டும். ஆலத்தியூர் வகுப்பு நகாயாவின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பூ மேகத்தில் எந்தக் குளிரில் வளர்ந்திருக்கும் என்று கணித்துப் பதில் எழுதலாம்; கூடவே தன் பஞ்சு எடைகளை அனுப்பி, அவை ஏன் இரவுக்கு இரவு மாறின என்று கேட்கலாம்.